மூவரும் ஒருவரே

இறப்புச் சான்றில் பொங்கியண்ணன்.
பாஸ்புத்தகத்தில் பொங்கயன்.
ரேஷன் கார்டில், எவனோ அவசரத்தில் அடித்த
பொங்கியப்பன்.
மூன்று பேருக்கும் ஒரே வழுக்கை,
ஒரே பெருவிரல்.
பெருந்துறை மண்டியில் கொப்பரை மூட்டை இழுத்து
ரேகை தேய்ந்துபோய்,
ரேஷன் கடை மிசின் மாதாமாதம்
அவரை அவர் இல்லை என்றது.

வைத்துப் போனது
முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்றுப் பதினாலு ரூபாய்,
சொசைட்டியில் நூறு ரூபாய்ப் பங்கு ஒன்று,
ஸ்டாண்டு உடைந்த ஒரு டிவிஎஸ்.
நாமினி என்ற கட்டத்தில்
ஒரு கோடு.

"தொகை கம்மிதானுங்க,
கோர்ட்டுக்கெல்லாம் போக வேண்டியதில்லீங்க."
கம்மி என்பதை மட்டும்
அந்த வங்கிப் பெண் மெதுவாகச் சொன்னாள்.
"வாரிசுச் சான்று, ஜாமீனுக்கு ரெண்டு பேரு,
பேரு மூணு தினுசா இருக்கறதால
மூவரும் ஒருவரேன்னு ஒரு காயிதம்.
அப்புறம் மத்த வாரிசுங்க கையெழுத்து."

மற்ற வாரிசு.
ஏழு வருசமாய் நான் மயிலுசாமிக்கு வைத்த பேர்களில்
இது இல்லை.

அம்மாவின் தோடு.
ஒன்பதாம் நாள் டப்பாவைத் திறந்தால்
பஞ்சு மட்டும் இருந்தது.
அவன் என் வீட்டுக்காரரைப் பார்த்தான்,
நான் அவன் பெண்டாட்டியைப் பார்த்தேன்.
அவ்வளவுதான்.
அப்புறம் அவன் கரூரில் பஸ்ஸுக்குக் கூடு கட்டினான்,
நான் இங்கே பனியனுக்குப் பிசிறு வெட்டினேன்.
நடுவில் அப்பன்
இந்த வீட்டில் ஒரு தீபாவளி, அந்த வீட்டில் ஒரு பொங்கல்,
இரண்டிலும் வாயைத் திறக்காமல்
சோறு தின்றார்.

வாய்க்கால் கரை உடைந்ததென்று
வி.ஏ.ஓ. ரெண்டு நாள் வரவில்லை.
மூன்றாம் நாள் தாலுகா ஆபீஸ் புங்கமரத்தடியில்
எடைக்கார நாச்சிமுத்தும் டீக்கடை அர்த்தனாரியும்
ஜாமீனுக்கு நின்றார்கள்.
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
கரூர் பஸ்ஸிலிருந்து அவன் வந்தான்.
காதோரம் நரைத்திருந்தது.
"சாப்டியா" என்று கேட்க வாய் வந்தது;
"ஆதார் ஜெராக்ஸ் இருக்குதா" என்றேன்.

மனு எழுதுகிறவர் பாஸ்புத்தகத்தைக் கேட்டார்.
அவன் புரட்டிக் காட்டினான்,
நான் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.
முதியோர் பென்சன். பென்சன். பென்சன். எடுத்தது ஐநூறு.
அப்புறம் ஒரு வரி,
அம்மா போவதற்குப் பதினோரு நாள் முன்னால்:
நகைக்கடன், வரவு, பன்னிரண்டாயிரம்.
அடுத்த நாளே மொத்தமும் பற்று.
பெரியாஸ்பத்திரியில் ஸ்கேனுக்கு
எங்கிருந்து பணம் என்று
அன்றைக்கு யார் கேட்டோம்?

அவன் விரல் அந்த வரியில் நின்றது.
என் விரல் அல்ல, அவன் விரல்தான்.
ஆனாலும் நகத்தில் அதே பிளவு.

பொங்கயன் வைத்திருக்கிறார்.
பொங்கியண்ணன் எங்களிடம் சொல்லவில்லை.
இருவருக்கும் தெரியாமல்
ஏழு வருசம் தட்டைப் பார்த்துச் சோறு தின்றவர்
ரேஷன் கார்டுக்காரரா?

"மேற்படி மூன்று பெயர்களும்
ஒரே நபரையே குறிக்கும் என்று
உறுதி கூறுகிறோம்.
சரிங்களா?" என்றார் மனுக்காரர்,
பேனாவை நீட்டி.

மயிலுசாமி நெடுநேரம் வாங்கவில்லை.
"போட்றலாங்க்கா" என்றான் கடைசியில்.
அடியில் 'பொ.' என்று அவன் எழுதினான்.
அதற்குக் கீழே 'பொ.' என்று நான் எழுதினேன்.
கல்யாணமாகியும் எனக்கு
மாற்றத் தோன்றாத எழுத்து.

ஆளுக்குப் பத்தொன்பதாயிரத்து முந்நூற்று ஏழு.
வர மூன்று வாரமாகுமாம்.
சொசைட்டிப் பங்கை யாரும் கேட்கவில்லை.

வண்டியை அவன் எடுத்துக்கொள்ளட்டும் என்றேன்,
நான் எடுத்துக்கொள்ளட்டும் என்றான்.
டீக்கடை வரைக்கும் அவன் ஓட்ட, நான் பின்னால்.
நின்றதும் இறங்கி
ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டேன்.
ஸ்டாண்டு இல்லாத வண்டி.
ஒருத்தர் பிடித்தால்தான்
மற்றவர் காலை எடுக்க முடியும்.

"சர்க்கரை கம்மியா ஒண்ணு" என்றான் கடைக்குள்.
அவனுக்கும் வந்துவிட்டிருக்கிறது,
அப்பனுக்கு இருந்தது.